மழைப் புத்தகத்தில் 17ஆம் திகதிக்கு ஏன் வெறும் கோடு?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு குடும்பச் சண்டைதான். உங்கள் அம்மா 1968 ஜூலை 17ஆம் திகதி இரவு, இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அன்று பகல் முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, ஆற்றில் தண்ணீர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, குவாட்டர்ஸிலேயே பிரசவம் நடந்தது என்று அம்மாயி சொல்கிறார். அதே தோட்டத்தில் கிளாக்கராக இருந்த தாத்தா நாளுக்கு நாள் மழை அளவை எழுதிய மழைப் புத்தகத்தில் 17க்கு நேரே வெறும் கோடு. 18க்கு நேரே 5.62 அங்குலம். இணையத்தில் பழைய வானிலையைக் காட்டும் ஒரு தளத்தில் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தால் 17ஆம் திகதிக்கு 11 மில்லிமீற்றர். இந்த மூன்று பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். கூடவே, தோட்டத்தில் மழையை எழுதிவைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, இந்தப் புத்தகத்தால் இனி யாருக்காவது பிரயோசனம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்று பேரும் "17ஆம் திகதி" என்று சொல்வது வெவ்வேறு இருபத்துநான்கு மணித்தியாலங்களை. இதைத் துணிந்து சொல்லக் காரணம், நான் இரண்டு பக்கமும் இருந்தவன். 1974இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த முதல் நாளே என் கையில் தந்தது மழைப் புத்தகத்தைத்தான். பிறகு பயிற்சி எடுத்து வானிலை அவதானிப்பாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றேன். உங்கள் தாத்தாவின் புத்தகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட இரண்டு பக்கப் படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. மழையை யாரும் பெய்யும்போது அளப்பதில்லை. காலையில் ஒருதரம் போய், முந்திய காலையிலிருந்து சேர்ந்த தண்ணீரை அளக்கிறோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்களில் அந்த நேரம் காலை 8.30. அது தோராயமாக வைத்த நேரமல்ல. கிரீன்விச்சில் விடிகாலை 3 மணியாகும்போது நமக்கு 8.30. உலகம் முழுக்க நிலையங்கள் ஒரே நொடியில் கருவிகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. தோட்டங்கள் அப்படிக் கறாராக இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் காலை 7 மணி. பிரட்டு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது, முடிந்து துரை (தோட்ட மேலாளர்) மலைக்குப் புறப்படும் முன் அவருக்கு எண் வேண்டும், அவ்வளவுதான். ஆக 18ஆம் திகதி காலையில் தாத்தா மழைமானியின் போத்தலில் கண்டது, குறைந்தபட்சம் 17ஆம் திகதி காலையிலிருந்து விழுந்த தண்ணீர். அம்மாயி சொல்லும் மழை 18க்கு நேரேதான் இருக்கும். இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் காலையில் அளந்ததை முந்திய நாளின் கணக்கில் எழுதுவது வழக்கம். இந்தியாவில் அளந்த நாளின் கணக்கில். நமது தோட்டங்களில் துரை எங்கே பழகினாரோ, பெரிய கிளாக்கர் யாரிடம் கற்றாரோ, அந்தப்படி இரண்டும் நடந்தது. தாத்தா எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மாதக் கடைசி வரியைப் பாருங்கள். 31ஆம் திகதியின் எண்ணும் அதற்குக் கீழே உள்ள மொத்தமும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அவர் அளந்த நாளிலேயே எழுதியிருக்கிறார். 31ஆம் திகதியின் எண், அடுத்த பக்கத்துக் கணக்கோடு சேர்ந்து மறுநாள் பேனாவில் எழுதியதுபோல் இருந்தால் அவர் பின்தள்ளி எழுதுபவர். நீங்கள் போட்ட படத்தில் முதலாவது மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டவேண்டாம், பத்துப் பன்னிரண்டு மாதங்களைப் பாருங்கள்.

அடுத்து அந்தக் கோடு. நீங்களே ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் ஞாயிறுகளில் கோடு இருக்க வேண்டும், ஆனால் ஏழெட்டு நாளைக்கு ஒருதரம் கண்டபடி கிழமைகளில் வருகிறது." நல்ல கண் உங்களுக்கு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை இல்லை, போயா. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அட்டமிகள் என்று மாதத்துக்கு நான்கு. டட்லி சேனாநாயக்க காலத்தில் வந்து, 1971இல் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருக்கும், புதன்கிழமை பூட்டியிருக்கும். என் மூத்தவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைத்தால், "கிழமையே மறந்துபோச்சு, நிலாவைப் பார்த்துத்தான் ஆபீசுக்குப் போனோம்" என்று சிரிப்பார்கள். 1968 ஜூலை 17 ஒரு புதன்கிழமை. அந்த மாதம் பௌர்ணமி 10ஆம் திகதியளவில் வந்தது, அதிலிருந்து ஒரு வாரம் தள்ளினால் தேய்பிறை அட்டமி. ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, புத்தகத்தில் உள்ள கோடுகளை நிலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கால்வாசி பொருந்தினால் விஷயம் முடிந்தது: கோடு என்பது "மழை இல்லை" அல்ல, "அளக்கவில்லை". மழை இல்லாத நாளுக்குத் தாத்தா வேறு குறி போட்டிருப்பார். உங்கள் படத்தில் பிப்ரவரியில் வரிசையாகச் சைபர் தெரிகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

இது சரியென்றால் 5.62 ஒரு நாள் மழையே இல்லை. 16ஆம் திகதி காலையிலிருந்து 18ஆம் திகதி காலை வரை, இரண்டு நாள் மழை. எத்தனை பங்கு எந்த நாளுக்கு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அம்மாயியின் ஞாபகத்தைச் சாட்சியாக எடுத்தால் பெரும்பங்கு 17ஆம் திகதிக்கு. எழுதிவைத்த கணக்குக்குப் பக்கத்தில் கிழவியின் ஞாபகமும் ஒரு சான்றுதான்; ஆற்றில் தண்ணீர் ஏறிப் பாதை அடைபட்ட நாளை யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

அந்த 5.62ஐ எவ்வளவு நம்பலாம்? தோட்டங்களில் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரி மழைமானிகள். செம்பில் செய்த உருளை, வாய் 5 அங்குலம், விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரம். உள்ளே ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு போத்தல். அளக்கும் கண்ணாடிக் குவளை ஒல்லியாக இருக்கும், அதனால் போத்தலில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் அதில் உயரமாக ஏறும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட வாசிக்கலாம். ஆனால் ஒரு குவளை கொள்ளுவது அரை அங்குலம் மட்டும். 5.62 என்றால் போத்தல் நிரம்பி வெளிச்செம்பிலும் வழிந்திருக்கும். மொத்தம் ஒன்றே முக்கால் லீற்றருக்குச் சற்று மேல். அதைப் பதினொரு குவளை நிரப்பி நிரப்பிக் கொட்டி, மிச்சம் 0.12ஐ வாசிக்க வேண்டும். அதுவும் எப்படி? ஒரு கையில் குடை, காலில் அட்டை, தோளில் கொங்காணி (மழைக்குப் போர்த்தும் சாக்கு), "எத்தனை அங்குலம்?" என்று வராந்தாவிலிருந்து துரையின் குரல். எட்டா ஒன்பதா என்று எண்ணிக்கை தவறுவது இங்கேதான். ஆகவே பலத்த மழை நாட்களில் பிழை வந்தால் அது சரியாக அரை அங்குலப் பிழையாக வரும்: 5.12 ஆக இருந்திருக்கலாம், 6.12 ஆக இருந்திருக்கலாம். கடைசியில் உள்ள 12ஐ நான் நம்புவேன், முன்னால் உள்ளதைக் கொஞ்சம் யோசித்து நம்புவேன். கெட்டிக்காரக் கிளாக்கர்கள் குவளைக்கு ஒரு கூழாங்கல் எடுத்து ஓரத்தில் வைப்பார்கள். நானும் பட்டபிறகு அப்படித்தான் செய்தேன்.

பட்டது ஒன்றல்ல. சேர்ந்த மறுவருடம் மே கடைசியில் குவளையைக் கைதவறி உடைத்துவிட்டேன். பெரிய கிளாக்கரிடம் சொல்லப் பயந்து, ஸ்டோரில் ஒரு மூலையில் கிடந்த இன்னொரு குவளையை எடுத்து வைத்துக்கொண்டேன். பார்க்க ஒரே மாதிரி. ஜூன் முடிந்து கணக்குப் பார்த்தால் எங்கள் தோட்டத்தில் 11 அங்குலம், பக்கத்துத் தோட்டத்தில் 28. பெரிய கிளாக்கர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே மழைமானிக்குப் போனார், குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், அடியில் பொறித்திருந்ததைப் படித்தார். அது 8 அங்குல வாய் உள்ள மழைமானியின் குவளை. எட்டின் வர்க்கம் 64, ஐந்தின் வர்க்கம் 25. ஆக நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் இரண்டரை மடங்குக்கு மேல் குறைவு. அன்று மாலை முழுக்க உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணையும் 2.56ஆல் பெருக்கவைத்தார். பழையதை அழிக்கவிடவில்லை, மேலே ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் புதிது, ஓரத்தில் காரணம். அந்த ஒரு மாலையில் நான் கற்றதைப் பிறகு எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. உங்கள் தாத்தாவின் புத்தகத்தில் எங்காவது சிவப்புத் திருத்தம் இருந்தால் சந்தோஷப்படுங்கள். திருத்தமே இல்லாத புத்தகத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

சந்தேகப்பட வேறு அடையாளங்களும் உண்டு. எண்களின் கடைசி இலக்கம் அடிக்கடி 0, 5 என்று முடிந்தால் அது குவளையைப் பார்த்து எழுதியது இல்லை, குளிருக்குப் போர்த்திக்கொண்டு ஜன்னலால் பார்த்து எழுதியது. நானும் ஓரிரு காலை அப்படி 0.35 என்று எழுதியிருக்கிறேன், ஒளிப்பதற்கில்லை. சில சமயம் எண் உண்மை, மழைதான் பொய். ஒரு மாசி மாதம், இருபது நாள் சொட்டு மழையில்லாத காலம், ஒரு காலையில் போத்தலில் 0.08. பங்களாத் தோட்டக்காரர் ரோஜாப் பாத்திக்குக் குழாயால் தண்ணீர் அடித்தது மழைமானியிலும் விழுந்திருக்கிறது. துரைக்கு அது தெரியாது. வறட்சி முறிந்துவிட்டது என்று உரம் போட ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார்.

இனி வரலாறு. மலைநாட்டில் வெயில் மழையை எண்ணாக எழுதிவைத்த ஆரம்ப ஆட்கள் இராணுவ வைத்தியர்கள். காய்ச்சலுக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டென்று நம்பிய காலம் அது. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் வெப்பமானியும் இருந்தது. 1816 முதல் 1820 வரை இங்கே இருந்த ஜோன் டேவி என்ற வைத்தியர் கண்டிப் பக்கமெல்லாம் வெப்பநிலையைக் குறித்திருக்கிறார். 1821இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா, 1861இல் காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனா மரத்துக்காக ஹக்கலைப் பூங்கா என்று வந்தபோது, செடி வளர்க்கிறவர்களுக்கும் மழைக் கணக்கு தேவைப்பட்டது. நாடு முழுவதற்குமான ஒழுங்கான பதிவு 1860களின் பிற்பகுதியில் நில அளவைத் திணைக்களத்தின் கையில் தொடங்கியது. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களின் மழைத் தொடர் 1870 வாக்கிலிருந்து இன்றுவரை வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் வந்தது, தனித் திணைக்களமானது 1948இல்.

தோட்டங்கள் இதில் எப்படிச் சேர்ந்தன என்பதில் என் ஊகமும் கலந்திருக்கிறது. 1860இல் இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பவர், பாதிரியார், பண்ணைக்காரர், வைத்தியர் என்று ஊருக்கு ஒருவரைப் பிடித்து மழை அளக்கவைக்கும் ஒரு பெரிய வலையைத் தொடங்கினார். வீட்டு முற்றத்தில் மழைமானி வைப்பது அங்கே கனவான்களின் பழக்கமாகியது. இங்கே தோட்டம் போட வந்த துரைமார் அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன். அதே காலத்தில்தான், 1869இல், கோப்பி இலையில் அந்த ஆரஞ்சு நிறத் துரு நோய் கண்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அனுப்பி ஆராய்ந்தார்கள். நோய் விதை காற்றில் பரவி, இலை ஈரத்தில் முளைக்கிறது என்று அவர் காட்டினார். காற்றும் ஈரமும் பணக் கணக்காகிவிட்டன. தேயிலை வந்தபிறகு இன்னும் இறுகியது. கொழுந்து எத்தனை நாளுக்கு ஒருதரம் வரும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வாடுவதற்கு எத்தனை மணித்தியாலம், உரம் எப்போது போடலாம் எல்லாம் மழை. 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருந்துகொண்டு தானும் அளந்தது.

ஆனால் உள்ளதைச் சொன்னால், தோட்டத்தில் மழைப் புத்தகம் இவ்வளவு ஒழுங்காக நடந்ததற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமில்லை. மாதக் கடைசியில் தோட்டத்தை நிர்வகித்த கொழும்பு ஏஜென்சிக் கம்பனிக்கு அறிக்கை போகும். கொழுந்து குறைந்தால் துரை பதில் சொல்ல வேண்டும். "மழை அதிகம், வெயில் இல்லை" என்று எழுத ஒரு எண் வேண்டும். நான் பார்த்த பெரிய கிளாக்கர் ஒருவர் மழைப் புத்தகத்தைச் "சாக்குப் புத்தகம்" என்றுதான் சொல்வார். அந்த மழையில் படங்கு கட்டிக்கொண்டு நிரையில் நின்றவர்களுக்கு அதே மழை அரைப்பேராக, அதாவது அரைநாள் கூலியாக வந்த கணக்கு செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்தில் தனியாக இருக்கும். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது படித்தால் நல்லது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தபோதும், 1992இல் திரும்பக் கம்பனிகளிடம் போனபோதும், ஆபீஸ் அலுமாரிகள் காலியாக்கப்பட்டு எவ்வளவோ புத்தகங்கள் ஸ்டோர் அடுப்புக்குப் போயின. உங்கள் தாத்தா தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்தது சட்டப்படி சரியோ தெரியாது, புண்ணியம்.

எழுதியது எப்படி ஊருக்குத் தெரியவந்தது என்பது வேறு கதை. தோட்டத்து எண் மாதமொருமுறை ஒரு படிவத்தில் தபாலில் கொழும்புக்குப் போகும். அது வரலாற்றுக்கு உதவும், நாளைக்குக் குடை வேண்டுமா என்பதற்கு உதவாது. அன்றாடச் செய்திக்குத் தந்தி வேண்டும். லண்டனில் ஃபிட்ஸ்ரோய் என்பவர் 1861இல் பத்திரிகையில் தினமும் வானிலை முன்னறிவிப்புப் போடத் தொடங்கியதே தந்தி வந்ததால்தான். இங்கேயும் நுவரெலியா, பதுளை மாதிரியான முக்கிய நிலையங்கள் வானத்தை ஐந்தைந்து இலக்கங்களாகச் சுருக்கி அனுப்பின. 43473 என்றால் நுவரெலியா. 61434 என்றால் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 143 மில்லிமீற்றர் மழை. உங்கள் தாத்தாவின் 5.62 அங்குலமும் கிட்டத்தட்ட அதே 143 மில்லிமீற்றர்தான். அந்த எண்கள் கொழும்பில் ஒரு வரைபடத்தில் ஏறி, மாலையில் வானொலியில் "மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று நம் காதுக்குத் திரும்பி வரும். அந்த வசனம் வருடத்தில் பாதி நாள் மாறாததைப் பார்த்து எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் வானொலிக்கு முன்பே சொல்லி முடிப்பார்கள்.

இப்போது அந்தத் தளத்தின் 11 மில்லிமீற்றர். அது யாரும் அளந்த எண் இல்லை. இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் பழைய நாட்களுக்குக் கணினி மாதிரிகளிலிருந்து எடுக்கின்றன. அந்தந்த நாளில் கிடைத்த காற்றழுத்தம், காற்று போன்ற பதிவுகளை வைத்து வளிமண்டலத்தைத் திரும்ப ஓடவிட்டு, இங்கே இவ்வளவு பெய்திருக்கலாம் என்று கணக்கிடுவது. அதிகம் புழங்கும் ஐரோப்பியத் தொகுப்பு 1940 வரை பின்னுக்குப் போகிறது; அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீற்றர் அகலம். சமவெளியில் அது போதும். வட்டவளையிலிருந்து நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீற்றர்தான். முன்னதில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல், பின்னதில் 1,900 அளவில். இன்னும் கொஞ்சம் கிழக்கே போய் பண்டாரவளையில் இறங்கினால் ஜூலை மாதம் கச்சான் காற்று வீசிப் புழுதி பறக்கும். மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் ஏறி இந்தப் பக்கம் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. இத்தனையையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கிச் சராசரி போட்டால் மலையே மழுங்கிப்போய்விடும். போதாக்குறைக்கு, பல தளங்களில் ஒரு நாள் என்பது கிரீன்விச் நள்ளிரவிலிருந்து தொடங்குகிறது. நமக்கு அது விடிகாலை 5.30. தாத்தாவின் 17 வேறு, அம்மாயியின் 17 வேறு, தளத்தின் 17 வேறு என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். தளத்தை வைத்துத் தாத்தாவைத் திருத்தாதீர்கள். இரண்டும் மாறுபட்டால், அந்த இடத்தில் போத்தல் வைத்திருந்தவர் பக்கம்தான் நான்.

மழைமானியும் சத்தியவாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றடிக்கும் மேட்டில் வைத்தால் துளிகள் வாயைத் தாண்டிப் பறந்துவிடும், எண் குறையும். வைத்தபோது வெட்டவெளியாக இருந்த இடத்தில் இருபது வருடத்தில் மரம் வளர்ந்து மறைத்தால், மழை குறைந்துகொண்டே வருவதுபோல் புத்தகம் காட்டும். குறைந்தது மழையில்லை, வானம் தெரியும் இடம். ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான இடங்களில் மேகமே மரங்களில் படிந்து சொட்டுகிறது, அதை இந்தச் செம்புக் குழாய் காணாது. நுவரெலியாவின் மழை கடந்த நூற்றாண்டில் குறைந்து வந்திருப்பதாக ஆய்வுகள் சொல்லும்போது, அதை ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்வதில்லை, பல நிலையங்களை ஒத்துப்பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதற்குத்தான் உங்கள் கையில் உள்ளது மாதிரியான புத்தகங்கள் தேவை.

இன்னொரு தேவையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபிறகு, மழை எண் என்பது மலைநாட்டில் உயிர்க் கணக்காகிவிட்டது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகளை இப்போது சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள்: இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அந்த எல்லைகள் எவ்வளவு முக்கியம் என்று மறுபடியும் பார்த்தோம். ஒரு குறிப்பிட்ட மலைச்சரிவில் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன் எத்தனை தரம் 150 தாண்டியது, அப்போது சரிந்ததா இல்லையா என்பதற்குத் தோட்டப் புத்தகத்தைவிட்டால் வேறு பதிவு பல இடங்களில் கிடையாது. ஆனால் உங்கள் 5.62ஐ அந்த எல்லையோடு நேரே ஒப்பிடாதீர்கள். அது இரண்டு நாள் கணக்காக இருக்கலாம் என்று மேலே சொன்னேன்.

ஆகவே செய்யவேண்டியது: ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஓரங்கள் வெட்டுப்படாமல் படமெடுங்கள். தட்டச்சு செய்யும்போது அங்குலத்தை அங்குலமாகவே வையுங்கள். மில்லிமீற்றர் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு நிரை. கோட்டைச் சைபராக்காதீர்கள். அதைச் செய்துதான் எத்தனையோ நல்ல பதிவுகள் பாழாகியிருக்கின்றன. அட்டையிலோ முதல் பக்கத்திலோ மழைமானி எங்கே இருந்தது, எத்தனை அங்குல வாய் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது உள்ளே இருக்கும் எண்களைவிடப் பெறுமதி. தாத்தாவுக்குப் பிறகு வேறு யாராவது தொடர்ந்து எழுதியிருந்தால், 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான பக்கங்களில் நேரத்தைக் கவனியுங்கள். நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலமும் பிறகு அரை மணித்தியாலம் குறைத்தும் முன்னுக்குத் தள்ளிவைத்திருந்த காலம் அது. நிலையங்கள் கிரீன்விச்சைப் பார்த்து முதலில் 9.30க்கும் பிறகு 9 மணிக்கும் அளந்தன, தோட்டத்தில் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார்கள் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பிரதிகளைக் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள திணைக்களத்துக்கு ஒன்று, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒன்று கொடுக்கலாம். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, சில திகதிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, அது என்ன என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு உறுதியான பதில் என்னிடம் இல்லை. எங்கள் ஆபீசில் இடி இடித்த நாளுக்கு அப்படிப் போடுவோம். அதுதான் என்றால் வட்டங்கள் பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் குவிந்திருக்க வேண்டும், ஆடியில் ஒன்றிரண்டு மட்டும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆடி மழை இந்தப் பக்கம் சத்தமில்லாமல் நாள்கணக்கில் பெய்யும். நீங்கள் போட்ட ஜூலைப் பக்கத்தில் ஒரே ஒரு வட்டம்தான் தெரிகிறது, அது 18க்குப் பக்கத்தில். இடியாகவும் இருக்கலாம். அம்மாயியிடம் இடி இடித்ததா என்று கேட்டு எழுதுங்கள். இடிக்கவில்லை என்று சொன்னால், தாத்தா அந்த வட்டத்தை மழைக்காகப் போடவில்லை.